வெனி: எளிய வீட்டுப் பிள்ளையா, வசீரின் மகனா?

பண்டைய எகிப்தில் எளிய குடும்பத்தில் பிறந்த ஒருவர் திறமையை மட்டும் வைத்து நாட்டின் உச்சப் பதவி வரைக்கும் போக முடிந்ததா, வெனி என்ற அதிகாரியை அதற்கு உதாரணமாகச் சொல்கிறார்களே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதையே 1998இல் கேட்டிருந்தால் பல புத்தகங்கள் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கும். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. வெனியின் அப்பா வசீராக இருந்தவர். வசீர் என்றால் மன்னருக்கு அடுத்த நிலையில் மொத்த நிர்வாகத்தையும் நீதியையும் கையில் வைத்திருப்பவர். இந்த விவரம் 1999இல் தெற்கு எகிப்தின் அபிடோஸ் என்ற ஊரில் வெனியின் கல்லறையை மறுபடி கண்டுபிடித்து, அங்கே தொடர்ந்து தோண்டிய பிறகுதான் தெளிவானது. அதற்காக வெனியை ஒதுக்கிவிடாதீர்கள். சுமார் 4,300 வருடங்களுக்கு முன்னால் ஓர் அரசாங்க அதிகாரி என்னென்ன வேலை பார்த்தார், எதற்குப் பயந்தார், எதில் பெருமைப்பட்டார் என்று தெரிந்துகொள்ள இவரை விட்டால் நல்ல ஆள் கிடையாது. பெரிய பிரமிடுகள் எழுந்த, 'பழைய அரசு' என்று அழைக்கப்படும் எகிப்தியக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்த தன்வரலாற்றுக் கல்வெட்டுகளில் மிக நீளமானது இவருடையதுதான்.

அந்தக் கல் இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே சுண்ணாம்புக் கல் பலகை, அகலம் இரண்டரை மீட்டருக்கு மேல். மேலிருந்து கீழாக ஏறக்குறைய ஐம்பது வரிசை சித்திர எழுத்து. 1860இல் மரியெட் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் ஆட்கள் அபிடோஸிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதைச் சரியாகக் குறித்துவைக்காததால், கல் மட்டும் புகழ் பெற்றது. அது நின்ற கல்லறை மணலுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு 140 வருடம் வெனியைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான். உங்கள் கேள்விக்கான விடையே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அவர் சொல்லும் வரிசையிலேயே போகிறேன். வெனி மூன்று மன்னர்களிடம் வேலை பார்த்தவர். ஆறாம் வம்சத்தின் முதல் மன்னர் டெட்டி, அவர் மகன் முதலாம் பெப்பி, பெப்பியின் மகன் மெரென்ரே. டெட்டியின் காலத்தில் நான் பட்டை கட்டிய இளைஞன் என்று கல்வெட்டு தொடங்குகிறது. பட்டை கட்டுவது என்பது சிறுவன் வயதுக்கு வந்துவிட்டான், இனி வேலைக்குப் போகலாம் என்பதற்கான அடையாளம். முதல் வேலை ஒரு பண்டசாலையின் பொறுப்பு. அப்புறம் அரண்மனை ஊழியர்களை மேற்பார்வை பார்க்கும் ஒரு பதவி. பெப்பி ஆட்சிக்கு வந்ததும் 'தோழர்' என்ற அரசவைப் பட்டம், மன்னரின் பிரமிடு நகரத்துப் பூசாரிகளுக்கு மேற்பார்வை. பிறகு நெக்கென் என்ற பழைய நகரத்தின் பெயரைத் தாங்கிய நீதிப் பதவி.

பண்டசாலையில் ஆரம்பித்தார் என்பதை வைத்துத்தான் எளிய வீட்டுப் பிள்ளை என்று முடிவுகட்டினார்கள். நாம் கடைக்கணக்குப் பிள்ளையை நினைத்துக்கொள்கிறோம். காசே புழக்கத்தில் இல்லாத நாடு அது. தானியம், துணி, எண்ணெய், செம்பு என்று எல்லாமே பண்டமாகத்தான் வந்தது, சம்பளமும் பண்டமாகத்தான் போனது. பண்டசாலை என்றால் கருவூலம். அதன் சாவியை வழிப்போக்கன் பிள்ளையிடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நீதிப் பதவிக்கு வந்ததும், மன்னரிடம் ஒன்று கேட்டதாக வெனி சொல்கிறார். தன் கல்லறைக்கு டூராவின் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சவப்பெட்டி. டூரா நைலின் கிழக்குக் கரையில், தலைநகரமான மெம்பிஸுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கல்குவாரி. பெரிய பிரமிடின் வெளிப்புறத்தில் பதித்த அதே பளிச்சென்ற கல். மன்னர் ஒரு முத்திரை அதிகாரியையும் அவருக்குக் கீழே படகு ஆட்களையும் அனுப்பி அதைக் கொண்டுவரச் செய்தார். பெட்டி மட்டும் வரவில்லை. மூடி, பொய்க்கதவு, மேல் உத்திரம், இரண்டு நிலைக்கற்கள், நீர்ப்படையல் பீடம் எல்லாம் சேர்ந்து அரசாங்கப் படகில் வந்து இறங்கின. வேறு எந்த ஊழியனுக்கும் இப்படி நடந்ததில்லை என்று எழுதுகிறார்.

இவ்வளவு பெரிய வாழ்க்கையைச் சொல்லும்போது சாமான் பட்டியலுக்கு ஏன் இத்தனை இடம்? பொய்க்கதவு என்பது சுவரில் கதவு மாதிரியே செதுக்கிய கல். திறக்காது. ஆனால் இறந்தவரின் உயிர் அதன் வழியாக வெளியே வந்து, முன்னால் வைத்த ரொட்டியையும் பீரையும் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினார்கள். அப்படியானால் அது செத்த பிறகும் நிற்காத சம்பளம். மன்னர் கையால் வந்த கல் என்றால் அந்தச் சம்பளத்துக்கு மன்னரே உறுதி. ஓர் எகிப்திய அதிகாரிக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு கிடையாது.

அடுத்து 'ஒரே தோழர்' என்ற உயர்ந்த பட்டமும், அரண்மனை ஊழியர்களின் தலைமைப் பொறுப்பும் வருகின்றன. அங்கே ஏற்கெனவே நாலு மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள், அவர்களை நான் இடம்பெயர்த்தேன் என்கிறார். அந்த நாலு பேர் என்ன ஆனார்கள் என்பது கல்வெட்டில் இல்லை. உடனே அந்தப்புர வழக்கு வருகிறது. அரசி ஒருவர் மீது இரகசியக் குற்றச்சாட்டு. மன்னர் வெனியைத் தனியாக விசாரிக்கச் சொல்கிறார். வசீர் இல்லை, வேறு எந்த உயர் அதிகாரியும் இல்லை. வெனியும் இன்னொரு நெக்கென் நீதி அதிகாரியும் மட்டும் உட்கார்ந்து வாக்குமூலத்தை எழுத்தில் பதிகிறார்கள். என்னைப் போன்ற நிலையில் உள்ளவன் அந்தப்புர இரகசியத்தைக் கேட்டது இதற்கு முன்னால் நடந்ததில்லை என்கிறார். குற்றம் என்ன, தீர்ப்பு என்ன, அரசி என்ன ஆனார் என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

கல்வெட்டிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இது. காரணம் அந்தக் காலத்துச் சூழ்நிலை. டெட்டி தன் மெய்க்காவலர்களாலேயே கொல்லப்பட்டார் என்று மனேதோ என்ற எகிப்தியப் பூசாரி எழுதியிருக்கிறார். அவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர், இரண்டாயிரம் வருடம் பிந்தியவர், அதனால் அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மெம்பிஸ் பக்கத்து இடுகாடான சக்காராவில் டெட்டியின் பிரமிடைச் சுற்றியுள்ள அதிகாரிகளின் கல்லறைகளில் சிலவற்றில் பெயரையும் உருவத்தையும் வேண்டுமென்றே கொத்தி அழித்திருக்கிறார்கள். பெயரை அழித்தால் அந்த மனிதனுக்கு மறு உலகமும் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் அது மரண தண்டனையைவிடக் கொடியது. டெட்டிக்கும் பெப்பிக்கும் நடுவில் உசெர்காரே என்று ஒரு மன்னர் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார். வெனியின் கல்வெட்டில் அவர் பெயர் அடியோடு இல்லை. டெட்டியிலிருந்து நேராகப் பெப்பிக்குத் தாவிவிடுகிறது.

இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பாருங்கள். அரண்மனை ஊழியர்களை நம்ப முடியாத காலத்தில், அவர்களில் நாலு பேரை நீக்கிவிட்டு ஒருவரை உட்காரவைக்கிறார் மன்னர். பிறகு சொந்த வீட்டுக்குள் சந்தேகம் வரும்போது, வசீரைக்கூடக் கூப்பிடாமல் அதே ஆளைக் கூப்பிடுகிறார். வெனிக்கு மேலே போக வழி திறந்தது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்ததால்தான் என்பது என் கணிப்பு. சாகும் வரையில் மூடியே இருந்திருக்கிறார், கல்லறைக் கல்லிலும் தீர்ப்பை எழுதவில்லை.

வழக்குக்கு அடுத்த வரியில் போர் ஆரம்பமாகிறது. இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் தலை சுற்றும், நேற்று வரை அரண்மனைக்குள் வழக்கு கேட்டவர் இன்றைக்குப் படைத்தலைவர். அந்தக் காலத்து எகிப்தில் பெரிய நிலையான படை கிடையாது. சண்டை என்றால் ஊர் ஊராக ஆள் திரட்ட வேண்டும். ஆளைத் திரட்டி, சோறு போட்டு, வரிசையாக நடத்திக்கொண்டு போகிற வேலை நிர்வாகிக்கு உரியது. அப்படித்தான் தெற்கே எலிபன்டைன் தீவு தொடங்கி வடக்கே டெல்டா வரைக்கும், பிறகு எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவின் பகுதிகளான இர்ச்செட், மெட்ஜா, யாம், வாவாட் ஆகியவற்றிலிருந்தும், மேற்கே லிபிய நாட்டிலிருந்தும் ஆட்கள் திரண்டார்கள். பல பத்தாயிரம் பேர் என்கிறது கல்வெட்டு. அந்தக் கணக்கை நான் அப்படியே நம்பமாட்டேன், பெரிய கூட்டம் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளலாம். எதிரிகள் கிழக்கே இருந்த 'மணல்மேல் வாழ்வோர்'.

படையில் தன் வேலை என்ன என்று வெனி சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒருவன் இன்னொருவனோடு சண்டை போடவில்லை. வழியில் போகிறவனிடமிருந்து யாரும் ரொட்டியையோ செருப்பையோ பிடுங்கவில்லை. எந்த ஊரிலும் துணி எடுக்கவில்லை. யாரிடமிருந்தும் ஆடு பறிக்கவில்லை. பெருமைக்காக எழுதியதுதான். ஆனால் இதைப் பெருமையாகச் சொல்கிறார் என்றால், சாதாரணமாக ஒரு படை போகிற வழியில் என்ன நடந்திருக்கும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வழியோரத்தில் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கும் ஓர் ஏழையை நாலாயிரம் வருடம் தாண்டி நான் பார்க்கிறேன். அரசர்களின் வெற்றிச் சுவர்களில் அவனுக்கு இடம் கிடையாது.

திரும்பி வந்ததைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். 'இந்தப் படை நலமாய்த் திரும்பியது' என்ற அடி ஏழு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் அதன் பின்னால் ஒரு செய்தி. மணல்மேல் வாழ்வோரின் நாட்டைச் சூறையாடிவிட்டு, தரைமட்டமாக்கிவிட்டு, கோட்டைகளை இடித்துவிட்டு, அத்தி மரங்களையும் திராட்சைக் கொடிகளையும் வெட்டிவிட்டு, வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டு, ஆட்களைக் கொன்றுவிட்டு, மிச்சம் பேரைச் சிறைபிடித்துக்கொண்டு. சொந்த நாட்டில் ஓர் ஆட்டைத் தொடாத படை, அடுத்த நாட்டின் அத்தி மரத்தை விட்டுவைக்கவில்லை. அத்தியும் திராட்சையும் இருந்திருந்தால் அவர்கள் வெறும் நாடோடிகள் இல்லை, ஊர் அமைத்துப் பயிர் வைத்து வாழ்ந்தவர்கள் என்பதும் இந்த ஒரு அடியிலிருந்து தெரிகிறது. ஐந்து தடவை அப்படிப் போய் வந்தார். பிறகு இன்னொரு கலகத்தின்போது பாதிப் படையைக் கப்பலில் ஏற்றி, 'மான்மூக்கு' என்று அவர்கள் அழைத்த மலைமுனைக்குப் பின்னால் இறக்கி, மீதிப் படையைத் தரைவழியாக அனுப்பி, இரண்டு பக்கமும் வளைத்திருக்கிறார்.

மெரென்ரே பட்டத்துக்கு வரும்போது வெனிக்கு நல்ல வயது ஆகியிருக்க வேண்டும். அப்போது அவர் மன்னரின் செருப்பைச் சுமக்கும் பதவியில் இருக்கிறார். இதையும் நம் கண்ணால் பார்த்துத் தாழ்ந்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மன்னரின் உடம்புக்கு அருகில் நிற்க அனுமதி உள்ளவர் என்பதுதான் அதன் பொருள். அங்கிருந்து எலிபன்டைன் முதல் இன்றைய ஆட்ஃபீஹ் பக்கம் வரைக்கும், மேல் எகிப்து, அதாவது தெற்கு எகிப்து முழுவதற்கும் ஆளுநராகிறார். அங்கே அரண்மனைக்குச் சேர வேண்டிய எல்லாவற்றையும் இரண்டு தடவை கணக்கெடுத்தேன், மக்கள் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பின் நேரத்தையும் இரண்டு தடவை கணக்கெடுத்தேன் என்கிறார். உழைப்பை நேரமாக அளந்து பேரேட்டில் ஏற்றுகிற அரசாங்கம். பிரமிடு எப்படிக் கட்டினார்கள் என்று ஆச்சரியப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பேரேட்டைத்தான்.

கல் வேலைக்கு வருகிறேன். மெரென்ரேயின் பிரமிடுக்குச் சவப்பெட்டியும் உச்சிக்கல்லும் இப்ஹாட் என்ற இடத்திலிருந்து, பொய்க்கதவும் கதவுகளும் எலிபன்டைன் பக்கத்துக் கருங்கல்லில். ஆறு சரக்குப் படகு, மூன்று இழுவைப் படகு, ஒரே பயணத்தில் இரண்டு குவாரியும் முடிந்தது. பிறகு ஹட்நூப்பிலிருந்து ஒரு பெரிய படையல் பீடம். ஹட்நூப் நடு எகிப்தில், நைலுக்குக் கிழக்கே பாலைவனத்துக்குள் இருக்கும் பால்நிறக் கல் குவாரி. செங்குத்தான ஒரு சரிவும், இரண்டு பக்கமும் படிகளும், கம்பம் நட்ட குழிகளும் அங்கே இருப்பதை 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது குறைந்தது பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னர் காலத்தது, அதாவது வெனி பிறப்பதற்கு வெகு முன்னாலேயே அமைத்தது. கம்பத்தில் கயிற்றைச் சுற்றிக் கல்லை இழுத்திருக்கிறார்கள். வெனியின் ஆட்களும் அந்தக் குவாரியில்தான் வியர்வை சிந்தியிருக்கிறார்கள்.

பீடம் வெட்டி இறக்கப் பதினேழு நாள். அதை ஏற்ற வேல மரத்தில் ஒரு சரக்குப் படகு, நீளம் 60 முழம், அகலம் 30 முழம். எகிப்திய அரச முழம் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர், ஆக 31 மீட்டர் நீளம், பதினைந்தரை மீட்டர் அகலம். அதையும் பதினேழே நாளில் பூட்டி முடித்ததாகச் சொல்கிறார். வேல மரத்தில் நீளமான பலகை வராது, சின்னச் சின்னத் துண்டுகளை இழைத்துப் பூட்ட வேண்டும். அதிலும் மாதத்தைப் பாருங்கள், கோடையின் மூன்றாம் மாதம். நைல் வற்றிக் கிடந்த நேரம். மணல்திட்டுகளின் மேல் தண்ணீர் இல்லாதபோதும் பிரமிடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று அவரே எழுதுகிறார். அரை நீளத்துக்கு அகலம் என்றால் தட்டையான படகு, ஆழம் குறைவாக மூழ்கும். ஆழமில்லாத ஆற்றுக்கென்றே போட்ட அளவு அது. வெள்ளத்துக்காகக் காத்திருக்காமல் ஏன் அவசரப்பட்டார் என்பதைச் சொல்லவில்லை. மெரென்ரேயின் ஆட்சி நீளமானதாக அமையவில்லை. அவருக்குப் பின் சிறுவனான இரண்டாம் பெப்பிதான் பட்டத்துக்கு வந்தார்.

கடைசியாக ஐந்து கால்வாய்கள். எலிபன்டைனுக்கு அருகே நைல் பாறைகளுக்கு இடையே பாயும் 'முதல் அருவி'ப் பக்கம், பாறைக்கு நடுவே படகு போக வழி. நூபியத் தலைவர்களே மரம் வெட்டிக் கொடுக்க, மூன்று சரக்குப் படகு, நாலு இழுவைப் படகு கட்டி, எல்லாம் ஒரே வருடத்தில் முடித்து, கருங்கல் ஏற்றி அனுப்பினார். அந்தச் சமயத்தில் இன்னும் தெற்கே யாம் நாட்டுக்குப் பயணம் போய்க்கொண்டிருந்த ஹர்கூஃப் என்ற இன்னொரு அதிகாரியின் கல்லறை அஸ்வானில் இருக்கிறது. அவருக்குச் சிறுவன் பெப்பி அனுப்பிய கடிதத்தை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தனியாக எழுத வேண்டிய ஆள் அவர்.

மெரென்ரேயின் கருநிறச் சவப்பெட்டி சக்காராவில் அவர் பிரமிடுக்குள் இன்னும் இருக்கிறது. வெனி கல்லில் எழுதிவைத்த வேலைகளில் நம் கண்ணுக்கு நேராக நிற்பது அதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான குழு 1999இல் அபிடோஸில் வெனியின் செங்கல் கல்லறையை மறுபடி அடையாளம் கண்டது. மரியெட்டின் ஆட்கள் விட்டுப்போன பொய்க்கதவு ஒன்று நட்ட இடத்திலேயே நின்றது. அதில் வெனியின் பட்டங்களில் 'வசீர்' இருந்தது. நீளமான கல்வெட்டில் அந்தப் பட்டம் இல்லை, அதை வெட்டி முடித்த பிறகுதான் அந்தப் பதவி வந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு பெரிய கல்லறை, அவர் அப்பா இயூவினுடையது. அவரும் வசீர். அதே அபிடோஸிலிருந்துதான் முதலாம் பெப்பி அக்கா தங்கை இரண்டு பேரை அரசியாக்கினார், அவர்களுடைய சகோதரர் ஜாவும் பிறகு வசீரானார். மாகாணத்தின் பெரிய குடும்பங்களை மன்னர் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. வெனி அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை.

அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, மறைத்தாரா என்று கேட்டால், மறைக்கவில்லை என்பேன். அப்பாவின் கல்லறை பக்கத்திலேயே ஊருக்கே தெரியும்படி நின்றது. அபிடோஸ்காரர் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. கல்லில் எழுதியது மன்னர் தனக்குச் செய்ததை மட்டும், படையல் வாங்கித் தருவது அந்த உறவுதான். நாம் 140 வருடம் அந்த ஒரு கல்லை மட்டும் படித்துவிட்டு, எழுதாததெல்லாம் இல்லாதது என்று நினைத்துக்கொண்டோம்.

உண்மையிலேயே எளிய வீட்டிலிருந்து மேலே வந்தவரைத் தேடுகிறீர்கள் என்றால், ஏறக்குறைய 800 வருடம் தள்ளிப் போய் செனென்முட்டைப் பாருங்கள். ஹாட்ஷெப்சுட் அரசியின் அரசாங்கத்தில் மிகச் செல்வாக்கானவர். அவருடைய பெற்றோர் ராமோஸ், ஹாட்நோஃபர் இருவரின் கல்லறை 1936இல் தீப்ஸில் பிரிக்காத நிலையில் கிடைத்தது. அம்மா மகன் பெரிய ஆளான பிறகு இறந்தவர். அவருக்குப் பொன்முலாம் பூசிய முகமூடி, பொன்னில் பதித்த வண்டுக்கல், நல்ல துணி, முறையான பதப்படுத்தல். அப்பா அதற்கு வெகு முன்னாலேயே இறந்து எங்கேயோ எளிமையாகப் புதைக்கப்பட்டவர். மண் ஒட்டிய வெறும் எலும்புகளாகத்தான் அவரை எடுத்து, துணியில் சுற்றி, ஒரு புதுப் பெட்டியில் வைத்து மனைவியின் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்.